அனர்த்தகால வீடமைப்பு உதவியும் அரச கண்காணிப்பும்: ஆழிப்பேரலைக்குப் பிந்திய இலங்கை அனுபவம்

வெள்ளமோ புயலோ கடற்கோளோ ஒரு வீட்டை அழித்துச் செல்லும்போது, அவ்வீட்டில் வாழ்ந்தோர் சுவரையும் கூரையையும் மட்டும் இழப்பதில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் முதலியனவும் அவ்வீட்டோடு போய்விடுகின்றன. ஆயின், புதிய வீடொன்றைக் கட்டுவதற்கான உதவியை வழங்குமுன் அரசு முதலிற் கேட்கும் ஆவணங்களும் இவையே. அனர்த்தகால வீடமைப்பு உதவித் திட்டங்கள் யாவற்றினதும் அடியில் இம்முரண்பாடு கிடக்கின்றது. இதனை மனங்கொள்ளாது அத்திட்டங்களை அரசு எவ்வாறு கண்காணித்தல் வேண்டும் என்பதை ஆராய முற்படுவது பயனற்றதாகும்.

கண்காணிப்பு எனும்போது இரு வினாக்கள் எழுகின்றன. தகுதியற்றோர் எவரேனும் உதவி பெற்றனரா என்பது ஒன்று. தகுதியுடையோர் எவரேனும் விடுபட்டனரா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சமமான முக்கியத்துவம் உடையனவெனினும், அரசின் கண்காணிப்பு நிறுவனங்கள் முதலாவது வினாவுக்கு விடை காண்பதற்கென்றே பெரிதும் அமைக்கப்பட்டுள்ளன. இரண்டாவது வினாவைக் கேட்பதற்கெனத் தெளிவான பொறுப்புடைய அலுவலகம் பெரும்பாலும் இருப்பதில்லை. இக்குறைபாட்டின் காரணங்களையும் விளைவுகளையும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிந்திய இலங்கை அனுபவத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வீடமைப்பு உதவியின் தனித்தன்மை

அனர்த்தத்தை அடுத்து வழங்கப்படும் உலருணவு, உடை, கைச்செலவுப் பணம் என்பவற்றிலிருந்து வீடமைப்பு உதவி பல வகைகளில் வேறுபட்டது. உலருணவுப் பங்கீட்டில் ஒரு குடும்பம் தவறுதலாக விடுபடின், அடுத்த வாரத்திலேயே அத்தவற்றைத் திருத்திவிடலாம். வீட்டுக்கான பட்டியலில் விடுபட்ட குடும்பமோ பல ஆண்டுகள் கொட்டிலில் வாழ நேரிடும். வீடு காணியோடு இணைந்தது. காணி உரிமையோடு இணைந்தது. உரிமை சந்ததிகளுக்குச் செல்வது. ஆதலால், அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு பெயர்ப்பட்டியல் இரு தலைமுறைகளின் சொத்துரிமையை நிர்ணயித்துவிடக்கூடும்.

இனி, இவ்வுதவி பயனாளியைச் சென்றடையும் வழியினை நோக்குவோம். கிராம அலுவலர் தமது பிரிவில் அழிந்த வீடுகளையும் அவற்றின் உரிமையாளரையும் பட்டியலிடுகின்றார். பிரதேச செயலகம் அப்பட்டியலைச் சரிபார்க்கின்றது. தொழினுட்ப உத்தியோகத்தர் சேதத்தின் அளவை மதிப்பிடுகின்றார். மாவட்டச் செயலகம் அங்கீகாரம் வழங்குகின்றது. அதன் பின்னரே பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்குத் தவணை முறையில் செல்கின்றது. அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் நிறைவேறியதாக உத்தியோகத்தர் சான்று வழங்கிய பின்னர் அடுத்த தவணை விடுவிக்கப்படும். இந்நீண்ட சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் தாமதத்துக்கும் தவறுக்கும் கையூட்டுக்கும் இடமுண்டு. எனினும், முழுச் சங்கிலியும் தொங்குவது முதற் கண்ணியாகிய பெயர்ப்பட்டியலிலேயே என்பதை மறத்தலாகாது.

2. கண்காணிக்கும் நிறுவனங்கள்

இலங்கையில் அரச செலவினத்தைக் கண்காணிக்கும் தலையாய பொறுப்பு கணக்காய்வாளர் நாயகத்துக்கு உரியது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரை இவ்வதிகாரத்தை வழங்குகின்றது. அவரது அறிக்கைகள் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்கப்படும். அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு என்னும் பாராளுமன்றக் குழுக்கள் அவற்றை ஆராய்ந்து, உரிய அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இவ்வதிகாரங்களை மேலும் வலுப்படுத்தியது.

இவற்றோடு, நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், 1996 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழு என்பனவும் தனிமனிதரின் முறைப்பாடுகளை ஏற்கும் நிறுவனங்களாக உள்ளன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பின்னர், பட்டியல் எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்பதை எந்தவொரு பிரசையும் எழுத்துமூலம் கேட்டறியும் வாய்ப்பும் ஏற்பட்டுள்ளது. அனர்த்த முகாமைத்துவத்துக்கெனத் தனியான சட்டம் 2005 ஆம் ஆண்டிலேயே, அதாவது ஆழிப்பேரலையின் பின்னரே, நிறைவேற்றப்பட்டது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது இத்தகைய சட்டம் எதுவும் நாட்டில் இருக்கவில்லை.

இந்நிறுவனங்களின் தொகையை நோக்கும் ஒருவர் கண்காணிப்புக்குக் குறைவில்லை என எண்ணக்கூடும். ஆயின், கணக்காய்வு செலவழிக்கப்பட்ட பணத்தின் வழியே செல்வது. முறைப்பாட்டு நிறுவனங்கள் முறையிடத் தெரிந்தவர் வருமட்டும் காத்திருப்பன. இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளி எத்தகையது என்பதை 2004 ஆம் ஆண்டின் அனுபவம் தெளிவாகக் காட்டுகின்றது.

3. ஆழிப்பேரலையும் இருவகைத் திட்டங்களும்

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலையால் இலங்கையில் 35,000 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் ஓர் இலட்சம் வீடுகள் முழுமையாகவோ பகுதியாகவோ சேதமுற்றன. உலகெங்குமிருந்து நிதி குவிந்தது. 2005 ஜனவரியில் தேசத்தைக் கட்டியெழுப்பும் செயலணி நிறுவப்பட்டது. அதன் பணிகளை அவ்வாண்டின் இறுதியில் புனர்நிர்மாண, அபிவிருத்தி முகவராண்மை பொறுப்பேற்றது. ஓராண்டுக்குள்ளேயே பொறுப்பு கைமாறியமை, கோவைகளும் பொறுப்புக்கூறலும் தொடர்ச்சியற்றுப் போவதற்கு ஏதுவாயிற்று.

இக்காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் மிகுந்த விளைவுகளை ஏற்படுத்தியது கரையோரத் தடைவலயம் பற்றியதாகும். தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அறிவிக்கப்பட்டது. இதன் பயனாக, வீடிழந்தோர் இரு வகுப்பினராயினர். வலயத்துக்கு வெளியே காணியுடையோர் தாமே வீடு கட்டுவதற்கு நிதி பெற்றனர். சேதம் 40 சதவீதத்துக்கு மேற்பட்டிருப்பின் 2,50,000 ரூபாவும், அதற்குக் குறைவாயின் 1,00,000 ரூபாவும் தவணைகளாக வழங்கப்பட்டன. வலயத்துக்குள் இருந்தோரோ, கொடையாளர் வேறிடத்திற் கட்டித்தரும் வீட்டுக்காகக் காத்திருக்கவேண்டியவராயினர்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் மக்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக வாழ்பவர். அங்கே 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதியையே விழுங்குவதாகும். மாற்றுக்காணியும் அருகிற் கிடையாது. எனவே, பெருமளவு உயிரிழப்பைச் சந்தித்த அம்பாறை மாவட்டத்தில் வீடுகள் மிகத் தாமதமாகவே எழும்பின. அம்பாந்தோட்டை மாவட்டத்திலோ தேவைக்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. தடைவலய விதிகள் பின்னர் தளர்த்தப்பட்டன. ஆயின், அதற்கிடையில் முகாம்களிற் கழிந்த காலத்தை எவரும் மீளப் பெறவில்லை.

வடகிழக்கில் அரசியற் சூழ்நிலையும் இதனோடு கலந்தது. உதவியைப் பகிர்வதற்கென 2005 ஜூன் 24 இல் அரசாங்கமும் தமிழீழ விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கியமான பிரிவுகளை உயர் நீதிமன்றம் ஜூலை 15 இல் இடைநிறுத்தியது. மறு ஆண்டிலேயே போர் மீளவும் மூண்டது. இரு தரப்பாரின் பட்டியல்களையும் ஒருங்கே பார்வையிடக்கூடிய பொது அமைப்பு எதுவும் தோன்றாமலே போயிற்று.

4. கணக்காய்வு கண்டதும் காணாததும்

அனர்த்தம் நிகழ்ந்து ஓராண்டு நிறைவுறுமுன்னரே, 2005 ஜூன் 30 வரையிலான பணிகள் பற்றிய இடைக்கால அறிக்கையொன்றைக் கணக்காய்வாளர் நாயகம் வெளியிட்டார். பாதிக்கப்படாதோருக்கும் கொடுப்பனவுகள் சென்றமை, கிடைத்த நிதி செலவாகாது தேங்கியமை, வீடமைப்பிற் காணப்பட்ட தாமதம் முதலியவற்றை அது எடுத்துக்காட்டியது. ஆண்டிறுதிக் கணக்கு முடியும்வரை காத்திராது, திட்டம் நடைபெறும்போதே கணக்காய்வு செய்தமை பாராட்டுக்குரியது. பிற்காலத் திட்டங்களுக்கும் அது நல்ல முன்மாதிரியாகும்.

எனினும், கணக்காய்வின் இயல்பினாலேயே அதற்கு ஓர் எல்லை உண்டு. கொடுக்கப்பட்ட பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு. மறுக்கப்பட்ட மனிதருக்குப் பற்றுச்சீட்டு இல்லை. தகுதியற்ற ஒருவர் பணம் பெற்றிருப்பின், அவரது பெயரும் கையொப்பமும் கோவையில் இருக்கும். கணக்காய்வாளர் அவரைத் தேடிச் செல்லலாம். தகுதியுடைய ஒருத்தி கிராம அலுவலரின் மேசையிலேயே வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பின், அவள் வந்து போனமைக்கே சான்று கிடையாது. இதன் விளைவையும் சிந்தித்தல் வேண்டும். தகுதியற்றவருக்குக் கொடுத்த உத்தியோகத்தர் கணக்காய்வு வினாவுக்கு விடை கூறவேண்டியவராவார். தகுதியுடையவருக்கு மறுத்த உத்தியோகத்தரை எவரும் வினவுவதில்லை. ஆகவே, ஐயம் எழும்போதெல்லாம் மறுப்பதே பாதுகாப்பானது என்னும் மனப்பான்மை நிருவாகத்தில் வேரூன்றுகின்றது. கண்காணிப்பு கடுமையாகுந்தோறும் இம்மனப்பான்மை வலுப்பெறுதலும் கூடும்.

5. பட்டியலுக்கு வெளியே நின்றோர்

இவ்வாறு வெளியே நின்றோர் யாவர்? முதலாவதாகப் பெண்களைக் குறிப்பிடலாம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் சமூகங்களில் வீடு பெண்வழியே செல்வது நெடுநாளைய வழக்கம். பெற்றோர் மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பர். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து குடிபுகுவான். ஆழிப்பேரலையில் அழிந்த வீடுகளுட் பல இவ்வாறு பெண்களுக்கு உரியனவாயிருந்தவை. ஆனால், அரச படிவம் ‘குடும்பத் தலைவர்’ யார் எனக் கேட்டது. அவ்விடத்திற் கணவனின் பெயர் எழுதப்பட்டது. புதிய வீட்டின் பத்திரமும் அப்பெயரிலேயே வழங்கப்படலாயிற்று. தாய்வழி வந்த உரிமை ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்தினால் இடம்மாறியது. கிழக்கிலங்கைப் பெண்கள் அமைப்புகள் இதனைச் சுட்டிக்காட்டி, பெண்ணின் பெயரிலோ இருவரின் பெயரிலோ உரிமை வழங்குமாறு கோரின. பணக்கணக்கை மட்டும் நோக்கும் ஒருவர் இங்கு எத்தவற்றையும் காணார். உரிய குடும்பத்துக்கே உரிய வீடு சென்றுள்ளது. உரிமை எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போயிற்று என்பது கணக்கில் எழுதப்படுவதில்லை.

இரண்டாவதாக, ஒரே வீட்டில் வாழ்ந்த பல குடும்பங்களையும் வாடகைக்குக் குடியிருந்தோரையும் கூறலாம். தடைவலயத்துக்குள் ‘வீட்டுக்கு வீடு’ என்பதே கொள்கையாயிற்று. பெற்றோரும் மணமான இரு பிள்ளைகளின் குடும்பங்களும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்திருப்பின், மூன்று குடும்பங்களுக்கும் ஒரு வீடே உரியதாயிற்று. வலயத்துக்கு வெளியேயோ காணியுரிமைக்குச் சான்று வேண்டப்பட்டது. உறுதியில்லாது தலைமுறையாக வாழ்ந்தவரும் வாடகைக்கு இருந்தவரும் வீட்டை இழந்தும் ‘வீடிழந்தோர்’ ஆகவில்லை.

மூன்றாவதாக, மலையகத் தோட்ட மக்களின் நிலை தனியே நோக்கத்தக்கது. இது ஆழிப்பேரலையோடு தொடர்பற்றதாயினும், அதே குறைபாட்டின் மற்றொரு வெளிப்பாடாகும். 2014 ஒக்ரோபர் 29 இல் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மண்சரிவு லயன் வரிசைகளை மூடியது. அங்கு வாழ்ந்தோர் தாம் குடியிருந்த அறைக்கோ அது நின்ற நிலத்துக்கோ உரிமையுடையோர் அல்லர். சொந்தக் காணியில் தாமே வீடு கட்டும் திட்டம் எதுவும் அவர்களுக்குப் பொருந்துமாறில்லை. மாற்றிடத்தில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்படுவதற்கு 2016 ஆம் ஆண்டு வரை சென்றது. நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்தும் நிலத்தில் உரிமையில்லாத மக்களுக்கு, அனர்த்தத்தின் பின்னரும் உரிமை கேட்கும் படிவம் கொடுமையானதொரு கேள்வித்தாளாகவே அமையும்.

பட்டியல் பற்றிய பிணக்கு முன்கூட்டியே தீர்க்கப்படாவிடின், வீடு கட்டியும் பயனின்மை நேரும் என்பதற்கு அக்கரைப்பற்றுப் பகுதியின் நுரைச்சோலை வீடமைப்புத் திட்டம் சான்றாகும். சவூதி அரேபிய நிதியுதவியுடன் அங்கு 500 வீடுகள் எழுப்பப்பட்டன. அவை எவருக்கு உரியன என்பது பற்றி எழுந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடுகளோ ஒரு தசாப்தத்துக்கும் மேலாக ஆளின்றிக் காடுபற்றிக் கிடந்தன. செலவுக் கணக்கின்படி திட்டம் நிறைவுற்றது. வீடிழந்தோர் வீடின்றியே இருந்தனர்.

6. பிறநாட்டு அனுபவம்

இக்குறைபாடு வறிய நாடுகளுக்கு மட்டும் உரியது எனக் கருதுதல் தவறாகும். ஆழிப்பேரலை நிகழ்ந்த மறு ஆண்டில், 2005 ஓகஸ்டில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரையைக் கத்ரீனாச் சூறாவளி தாக்கியது. அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு நிறுவனம், கத்ரீனாவுக்கும் அதனை அடுத்து வந்த ரீட்டாச் சூறாவளிக்குமாக வழங்கப்பட்ட தனிநபர் உதவியில் 60 கோடிக்கும் 140 கோடிக்கும் இடைப்பட்ட டொலர் முறையற்றதாகவோ மோசடியாகவோ சென்றிருக்கலாம் என 2006 இல் மதிப்பிட்டது. பின்னர், பல்லாயிரம் பேருக்குப் பணத்தைத் திருப்பிச் செலுத்துமாறு கடிதங்கள் சென்றன. அவர்களுட் பலர் அதிகாரிகளின் தவற்றினாலேயே பணம் பெற்றவராதலின், அக்கடனைத் தள்ளுபடி செய்ய வழிசெய்யும் சட்டமொன்றை 2011 இல் இயற்றவேண்டியதாயிற்று.

மறுபுறத்தை நோக்குவோம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே, மூதாதையரின் வீடு மரணசாசனமும் உறுதிமாற்றமும் இன்றிப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் செல்வது வழக்கம். உறுதியில் இறந்துபோன பாட்டனின் பெயரே இருக்கும். இக்காரணத்தால் எண்ணற்றோர் உதவி பெறமுடியாது போயினர். உரித்தாவணம் இல்லாதோர் வேறு சான்றுகளையும் தமது கைப்படக் கூற்றையும் சமர்ப்பிக்கலாம் என விதி மாற்றப்பட்டது 2021 ஆம் ஆண்டிலேயாகும். தகுதியற்றோர் பெற்ற பணத்தைக் கண்டறிய ஓராண்டு போதுமாயிருந்தது. தகுதியுடையோரைத் தடுத்த விதியைத் திருத்தப் பதினாறு ஆண்டுகள் சென்றன. நாம் மேலே கூறிய இரு வினாக்களின் ஏற்றத்தாழ்வு இதனாற் புலனாகும்.

7. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அனர்த்தகால வீடமைப்பில் முறையான கண்காணிப்புக்குப் பின்வருவன இன்றியமையாதன எனலாம்.

முதலாவது, ஏற்கப்பட்டோர் பட்டியலோடு மறுக்கப்பட்டோர் பட்டியலும் காரணத்துடன் கிராமத்திற் பகிரங்கமாக ஒட்டப்படல் வேண்டும். மறுப்பு எதுவும் வாய்மொழியாக இருத்தலாகாது. விண்ணப்பதாரியின் மொழியில் எழுதிக் கொடுக்கப்படல் வேண்டும். எழுதப்பட்ட மறுப்பே கணக்காய்வாளர் தேடிச் செல்லக்கூடிய சுவடாகும்.

இரண்டாவது, மேன்முறையீட்டை விசாரிப்போர் முதன்முடிவை எடுத்தவராக இருத்தல் கூடாது. போருக்குப் பின்னர் 2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பயனாளிக்கு 5,50,000 ரூபா நேரே வங்கிக் கணக்குக்கு வழங்கப்பட்டது. பட்டியல்களும் ஊரவர் பார்வைக்கு வைக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயின், புள்ளித்திட்டத்தினாற் சிறு குடும்பத்தினரும் தனித்து வாழும் முதியோரும் பின்தள்ளப்பட்டனர் என்ற முறைப்பாடு அங்கும் எழுந்தது. புள்ளித்திட்டத்தையே கேள்விக்குள்ளாக்கும் உரிமை இல்லாதவிடத்து மேன்முறையீடு அரைகுறையானதாகும்.

மூன்றாவது, உரிமைச் சான்றுக்கு மாற்று வழிகள் முன்கூட்டியே சட்டத்தில் வகுக்கப்படல் வேண்டும். வாக்காளர் இடாப்பு, மின்கட்டணப் பட்டியல், அயலவரின் சத்தியக்கூற்று என்பன குடியிருந்தமைக்குப் போதிய சான்றாக அமையலாம். புதிய பத்திரம் கணவன் மனைவி இருவரின் பெயரிலும், சீதன வீடாயின் பெண்ணின் பெயரிலும் வழங்கப்படல் வேண்டும். குடியேற்றக் காணிகளின் வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கு முதன்மை அளித்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டுக்குரியது. அது 2022 இலேயே திருத்தப்பட்டது என்பதை நினைவுகூரின், இவ்விடயத்தில் தாமதம் எத்துணை இழப்பைத் தருமென்பது விளங்கும்.

நான்காவது, கணக்காய்வாளர் கொடுப்பனவுக் கோவைகளோடு நின்றுவிடாது, முகாம்களிலும் கொட்டில்களிலும் இன்னும் வாழ்வோருள் ஒரு பகுதியினரைத் தெரிந்தெடுத்து, அவர் ஏன் வீடு பெறவில்லை என ஆராய்தல் வேண்டும். கோவையிலிருந்து வீட்டுக்குச் செல்லும் ஆய்வோடு, கொட்டிலிலிருந்து கோவைக்குச் செல்லும் ஆய்வும் சேரும்போதே கணக்காய்வு முழுமை பெறும்.

இத்தகைய நடைமுறைகள் அவசரகால உதவியை மேலும் தாமதப்படுத்தும் என்பார் உளர். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், தாமதம் நேர்வது பெரும்பாலும் வீடிழந்தவர் மீது சான்றுகளின் சுமையை ஏற்றுவதினாலேயாம். ஒரு மறுப்பை இரு வரிகளில் எழுதிக் கொடுப்பதற்கு உத்தியோகத்தருக்குச் சில நிமிடங்களே செல்லும். அவ்விரு வரிகள் இன்மையால் ஒரு குடும்பம் அலுவலகம் அலுவலகமாக அலையும் காலமோ ஆண்டுகளால் அளக்கப்படுவது.

முடிவுரை

2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளியும் அதனோடு வந்த வெள்ளமும் மண்சரிவுகளும் இலங்கையைப் பேரழிவுக்கு உள்ளாக்கின. மலையகத்திலும் பிற பகுதிகளிலும் கிராம அலுவலர்கள் மீண்டும் பட்டியல்களோடு புறப்பட்டனர். இருபது ஆண்டுகளுக்கு முந்திய அனுபவம் நமக்குப் பயன்பட வேண்டுமாயின், அதற்குரிய இடம் அப்பட்டியலே. ஒரு திட்டத்தின் வெற்றியை அது கட்டிய வீடுகளின் தொகையாலும் செலவழித்த பணத்தின் ஒழுங்காலும் மட்டும் அளவிடுதல் போதாது. பட்டியலில் இல்லாத ஒருவர் ‘ஏன் என் பெயர் இல்லை?’ எனக் கேட்கும்போது, அவருக்கு எழுத்தில் விடை கூறும் கடப்பாடு எவருக்கு உண்டு என்பதையும் நோக்குதல் வேண்டும். அக்கடப்பாட்டை ஒருவர்மீது சட்டமாகச் சுமத்தாதவரை, அரசின் கண்காணிப்பு பணத்தைக் காக்குமேயன்றி வீடிழந்தோரைக் காக்காது.